விதைத் தெப்பம்

உக்காருங்க மேடம். அந்தச் சேரு வேணாம், ஒரு கால் ஆட்டம். இந்தா, இந்தச் சாக்க நாலா மடிச்சுப் போடுறேன், இதுல உக்காருங்க. காஞ்ச சாக்குதான், துணியில ஒட்டாது. சேதுராக்கத்தான பாக்கணும்? வருவா. கடல்ல நிக்கிறா. எங்க போயிரப் போறா, கரைக்கு வந்துதான ஆகணும். அதுவரைக்கும் இப்படி நெழல்ல உக்காருங்க.

போனை எடுக்காதீக, இங்க டவர் கிடைக்காது. அந்தப் பனைமரத்துக்கிட்டப் போயி நின்னா ஒரு புள்ளி வரும், அதுவும் காத்தடிச்சாப் போயிரும். நீங்க வேன் புடிச்சு நேரா கடக்கரைக்கே வந்தது நல்லதாப் போச்சு. பஸ்ஸுல வந்திருந்தா மெயின் ரோட்டு ஸ்டாப்புல இறங்கி மூணு கிலோமீட்டரு மணல்ல நடக்கணும். இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு எங்கிட்டு நடப்பீக.

வாடை ஒரு மாதிரியா இருக்கா? பாசி வாடைதான். அரை மணி நேரத்துல பழகிரும். மூக்கைப் பொத்துறீகளே, இன்னைக்குக் காலையில பல்லு வெளக்குனீகள்ல? அந்தப் பேஸ்டு வழவழன்னு வருதுல்ல, அது எங்க பாசிதான். ஐஸ்கிரீமு உருகாம நிக்குதுல்ல, அதுவும் எங்க பாசிதான். போன தடவ உங்க ஆபீசுல இருந்து வந்த மேடம் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் இதை ஆரு வாங்குறா, எதுக்கு வாங்குறான்னு ஒருத்திக்கும் தெரியாது. லாரி வரும், போகும். சீமையில ஏதோ மாட்டுக்குப் போடுறாகன்னு எங்க ஊரு இருளாயி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

நான் ஆருன்னு சொல்லலையே. என் பேரு பூமயிலு. சேதுராக்குக்கு ஓர்ப்படியா. அண்ணன் தம்பியக் கட்டுனவளுக நாங்க ரெண்டு பேரும். நான் மூத்தவரக் கட்டுனேன், அவ இளையவனைக் கட்டுனா. அவன் மங்களூருல மீன்புடி போட்டுக்குப் போறான், வருசத்துல ரெண்டு தடவ வருவான். இந்தக் கோரைவலசையில பாசி வளக்குற பொம்பளைக பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேருக்கும் ஒரு குழு. குழுவுக்குத் தலைவி நான். தலைவியா இருந்தேன்னு சொல்லல, தலைவிதான். ரப்பர் ஸ்டாம்பு இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு, இந்தா, இடுப்புச் சுருக்குப்பையில.

அதான் எனக்கு மனசு ஆறல மேடம். உங்க ஆபீசுக்கு சேதுராக்கு போன் போட்டுக் கூப்பிட்டிருக்கா. நீங்களும் கிளம்பி வந்துட்டீக. ஸ்டாம்பு இல்லாம, தலைவிக்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அவளா எப்படிக் கூப்பிடலாம்? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க. ஒரு காரியம் எல்லாருக்கும் பொதுவா இருந்தா, ஒரு வார்த்தை கேக்க வேணாமா?

சரி, விடுங்க. வரக்காப்பி குடிப்பீகளா? பாலு இல்ல. இந்தா, தம்ளரு சூடு, முந்தானையில புடிச்சுக்கங்க... அட, உங்களுக்கு முந்தானை ஏது. என் துண்டைப் புடிங்க.

இது முதலாளியோட களம். தவசி முதலாளி. இந்தக் கொட்டகை அவரு போட்டது, அந்தா தெரியுற பரண் மட்டும் நாங்க போட்டது. பாசி மணல்ல கிடந்து காஞ்சா மண்ணு ஒட்டும்னு போன தடவ வந்த மேடம் சொன்னாக. சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையை விரிச்சு, பன்னெண்டு பேருமாச் சேந்து ஒன்பது நாளுல கட்டினது. நல்லாக் கட்டியிருக்கோம்ல? இப்ப அதுல முதலாளி பாசி காயுது. ஆரு பாசியா இருந்தா என்ன, பரணு சும்மா கிடந்தா கரையான்ல புடிக்கும்.

பாசி வளக்குறதப் பாத்திருக்கீகளா? படத்துல பாத்திருப்பீக. மூங்கிலு நாலச் சேத்துக் கட்டினா ஒரு தெப்பம். தெப்பத்துல இருபது கயிறு. கயித்துக்கு இருபது முடிச்சு. முடிச்சுக்கு ஒரு கொத்துப் பாசி, உங்க கைக்கு ஒரு பிடி இருக்கும். அதைக் கடல்ல விட்டா நாப்பத்தஞ்சு நாளுல தலைகாணி கணக்கா உப்பிரும். அறுத்துக் காய வைக்கிறது. ஆனா முழுசாக் காய வச்சிரக் கூடாது. ஒரு பங்கைப் பச்சையாவே எடுத்து மறுபடி முடிஞ்சு கடல்ல விடணும். அதான் விதை. இதுல தனியா வித்துன்னு ஒண்ணு கிடையாது மேடம், பாசிக்குப் பாசிதான் விதை. காஞ்சிருச்சுன்னா செத்துப் போச்சு, அப்புறம் கடல்ல என்ன முக்கினாலும் வராது.

ஐப்பசியில வாடைக்காத்துப் பெருக்கெடுத்தா தை முடிய எங்க கடலு பேய் புடிச்ச மாதிரி கிடக்கும். தெப்பமெல்லாம் நொறுங்கிரும். அதனால வாடைக்கு முன்னாடியே எல்லாத்தையும் அறுத்துட்டு, ஆளுக்கு ஒரு தெப்பம் மட்டும் கிழக்க ஓடை வாய்க்குள்ள கொண்டு போயி, அலையாத்தி மரத்துக்குப் பின்னாடி கட்டி வச்சிருவோம். அங்க அலை கிடையாது. அதுதான் விதைத் தெப்பம். வாடை முடிஞ்சா அதுல இருந்து பிச்சுத்தான் எல்லாத் தெப்பமும். ஒருத்தி தெப்பத்தை மீனு தின்னுருச்சுன்னா அடுத்தவக்கிட்ட விதைக் கயிறு கேப்பா. கேட்டு வந்தவளை வெறுங்கையா அனுப்பக் கூடாது. எடை போட்டும் குடுக்கக் கூடாது. திருப்பித் தந்தா வாங்கிக்கிறது, தராட்டி விட்டுறது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கு... சரி, அது எதுக்கு இப்ப.

முதலாளி அப்பவும் இருந்தாரு. எங்க பாசியை அவருதான் எடுப்பாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். பொங்கலுக்குச் சேலை குடுப்பாரு. ஆனா எடை விசயத்துல கறாரு. இத்தனை மூட்டைன்னு சொல்லியிருந்தா இத்தனை மூட்டை நிக்கணும். ஒரு மூட்டை கொறைஞ்சாலும் லாரியை நிறுத்தாமப் போயிருவாரு. பத்து நாளு கழிச்சு வருவாரு, அதுக்குள்ள பாசி பனியில ஊறிக் கறுத்துப் போயிருக்கும், 'கறுப்புப் பாசிக்கு என்னம்மா விலை குடுக்குறது'ம்பாரு. அதனால எங்க ஊருப் பொம்பளைகளுக்கு எடை கொறைஞ்சா உசுரே போன மாதிரி. இருளாயி ஒரு தடவ எடை கொறைஞ்சு போச்சேன்னு தன் காதுத் தோட்டைக் கழட்டி மூட்டைக்குள்ள போடப் போனா. அதுல என்ன எடை ஏறும், கிறுக்கி.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சோம்.

அப்பத்தான் உங்க ஆபீசு மேடம் வந்தாக. நாலு மாசம் இங்கயே தங்குனாக. வெளிநாட்டுக் கம்பெனி நேரா உங்கக்கிட்டயே எடுத்துக்குறோம்னு சொல்லுதுன்னாக. நாலு டன்னு காஞ்ச பாசி, கார்த்திகைக்குள்ள, தூத்துக்குடியில கப்பல் ஏறணும்னாக. எங்களுக்கு அதெல்லாம் கூடப் பெருசில்ல மேடம். சாக்கு குடுத்தாக பாருங்க. சாக்குல எங்க ஊரு பேரு. பச்சை மையில, தமிழுல ஒரு தடவ, இங்கிலீசுல ஒரு தடவ, கோரைவலசைன்னு. இந்தச் சாக்கு சீமையில போயி இறங்குமா, இதை ஒருத்தன் படிப்பானான்னு நான் மூணு தடவ கேட்டேன். படிப்பான்னு மேடம் சொன்னாக.

நீங்க உக்காந்திருக்கது அந்தச் சாக்குதான். மிச்சம் விழுந்தது. எந்திரிக்காதீக, பரவால்ல, உக்காருங்க. இப்ப அது உக்காரத்தான் ஆகுது.

கம்பெனிக்காரவுக பாக்க வாறாகன்னு பன்னெண்டு பேரும் பரமக்குடிக்குப் போயி ஒரே மாதிரி சேலை எடுத்தோம். கத்திரிப்பூக் கலரு, மஞ்சக் கரை. நான் கட்டியிருக்கேன்ல, இதுதான். மத்தவளுகல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாளுக. கட்டினா அந்த நெனப்பு வருதாம். எனக்கு அந்தச் சீக்கெல்லாம் கிடையாது. நல்ல துணி, நான் கட்டுறேன்.

இப்ப நடந்ததைக் கேளுங்க. ஐப்பசி கடைசி. எல்லாத்தையும் அறுத்துக் காய வச்சாச்சு. எடை போட்டுப் பாத்தா மூவாயிரத்து எழுநூறு கிலோ நிக்குது. முந்நூறு கிலோ கொறையுது. மறுவாரம் லாரி வருது. எனக்குச் சோறு இறங்கல. கடல்ல ஒரு கொத்து மிச்சமில்ல, ஓடைக்குள்ள இருக்கிற பன்னெண்டு விதைத் தெப்பத்தைத் தவிர. மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுப் பாக்குறேன், ஒரு தெப்பம் காஞ்சா இருபத்தஞ்சு கிலோ. பன்னெண்டு தெப்பம் முந்நூறு கிலோ. அளந்து வச்ச மாதிரி இருக்கு. சாமியே கணக்குப் பண்ணி வச்சிருக்குன்னு நெனச்சேன்.

எல்லாரும் சேந்துதான் அறுத்தோம்.

இல்ல... அன்னைக்கு அவளுக ஊருல இல்ல. இருளாயி மகளுக்கு தேவிபட்டணத்துல கல்யாணம், எல்லாரும் ரெண்டு நாளு போயிட்டாளுக. காயிற பாசிக்குக் காவலா நான்தான் இருந்தேன். நானும் எங்க வீட்டுக்காரவுகளும் கூலிக்கு ரெண்டு பேரும் போயி, ஒரே காலையில பன்னெண்டையும் அறுத்துக் கொண்டாந்தோம். கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாளுக. சொல்லியிருக்க மாட்டாளுகளா? எனக்காகவா அறுத்தேன்? ஊரு பேரு போட்ட சாக்கு, கொறைஞ்ச எடையோட போகலாமா? வாடை முடிஞ்சா பக்கத்து ஊருல நாலு கயிறு வாங்கிக்குவோம், இல்லைன்னா சொல்லப் போறாகன்னுதான் நெனச்சேன்.

நாலு டன்னும் போச்சு மேடம். ஒரு கிலோ கொறையாமப் போச்சு. லாரிக்கு மாலை போட்டோம். கப்பல்ல ஏத்துற படத்தை மேடம் போன்ல அனுப்புனாக, அதுல எங்க சாக்கு தெரிஞ்சது. அப்புறம் நான் பெருமையா இந்த முந்நூறு கிலோ கதையைச் சொன்னேன்.  மேடம் கேக்குறாக, 'ஏம்மா, கொறையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூவாயிரத்து எழுநூறையே எடுத்திருப்போமே'ங்கிறாக.

எனக்கு எப்படித் தெரியும்? கொறைஞ்சாலும் எடுப்பாகன்னு ஒரு வியாபாரி உலகத்துல இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மாசி பொறந்துச்சு. கடலு கண்ணாடியா நிக்குது. போட விதை இல்ல. பக்கத்து ஊருகளுக்குப் போனோம். அங்கெல்லாம் அந்த வருசம் முதலாளி விதைதான். அவரு விதையில இருந்து வெளியாளுக்கு ஒரு கயிறு குடுத்தாலும் குடுத்தவளுக்கு அடுத்த விதை கிடையாதுன்னு சொல்லி வச்சிருந்தாரு. வெறுங்கையோட வந்தோம். அப்படி ஒரு நாளும் ஆனதில்ல. கடைசியா நான்தான் முதலாளி வீட்டு வாசல்ல போயி நின்னேன். ஏசல மேடம். சத்தியமா ஒரு வார்த்தை ஏசல. சிரிச்சுக்கிட்டே உக்காரச் சொன்னாரு. விதை தாறேன், கட்டுறதுக்கு நீல நைலான் கயிறும் தாறேன், என் விதை உங்க கடல்ல இருக்கிற வரைக்கும் பாசி எனக்குத்தான்னாரு. ஒரு பேப்பரு நீட்டினாரு. பன்னெண்டு பேருக்கும் சேத்து நான் ஸ்டாம்பு அடிச்சுக் குடுத்தேன். அத்தனை பேருக்கிட்டயும் தனித்தனியாப் போயிக் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? மாசி வெயிலு போகுது, பங்குனி வெயிலு வருது.

யோசிச்சுப் பாருங்க, பாசிக்குப் பாசிதான் விதை. அவரு விதைன்னா அது என்னைக்குத் தீரும்? நாங்க போடப் போட அது அவரு விதையாத்தான முளைக்கும். இது அன்னைக்கு எனக்குத் தோணல. சேதுராக்குதான் கேட்டா. அன்னைக்குக் கேட்டதுதான், அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேசல. ஒரே சுவரு எங்களுக்கு. அவ அம்மி அரைக்கிறது எனக்குக் கேக்கும். ரெண்டு வருசமா அம்மிச் சத்தம்தான் கேக்குது, பேச்சுச் சத்தம் கேக்கல.

அந்தப் பன்னெண்டு தெப்பத்தை அறுத்தேன்ல. கல்யாணத்துல இருந்து வந்ததும் அவ ஓடைக்குத்தான் போயிருக்கா. மொட்டைத் தெப்பமாக் கிடந்திருக்கு. ஓரா மீனு கடிக்காம இருக்க அடியில வலை கட்டியிருப்போம். கழுத்தளவு தண்ணியில நின்னு, பன்னெண்டு வலையையும் கையால தடவித் தடவிப் பாத்திருக்கா. அறுக்கும்போது உதுந்த துணுக்கு கண்ணியில மாட்டியிருக்கும்ல. எல்லாமாச் சேத்து ஒரு பிடி. ஒரே ஒரு பிடி மேடம். பழைய துணியை நாராக் கிழிச்சு, அதுல முடிஞ்சு, ஓடைக்குள்ள ரொம்ப உள்ள தள்ளிப் போயி அலையாத்தி வேருல கட்டி வச்சா. அந்த வாடை பூரா தெனம் போயிப் பாப்பா. மழை பெஞ்சு ஓடையில நல்ல தண்ணி வந்தா பாசி வெளுத்துச் செத்துரும், அதனால மழை வந்தா அவுத்து எடுத்துக்கிட்டுக் கடலுப் பக்கம் ஓடுவா, கூடையில வச்சுக்கிட்டு இடுப்புத் தண்ணியில நிப்பா. கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். சொன்னதை இல்லைங்கல.

ஒரு பிடி நாலு பிடி ஆச்சு. மீனு பாதியைத் தின்னுச்சு. மறுபடி கட்டுனா. முதலாளி குடுத்த நீலக் கயிறை அவ அதுக்குத் தொடல. துணி நாருதான். தன் பங்கு முதலாளி பாசியையும் வளத்துக் குடுத்துட்டு, மிச்ச நேரத்துல இது. மூணு வாடை தாண்டிருச்சு. இப்ப முப்பத்தெட்டு தெப்பம் நிக்குது. நான் போயி எண்ணல. நண்டு புடிக்கப் போனப்ப கண்ணுல பட்டது.

என்ன எழுதுறீக? முப்பத்தெட்டா? எழுதாதீக மேடம், அதெல்லாம் நிச்சயமில்ல.

அதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கா, எனக்குத் தெரியாதா? சொந்த விதையில வளத்தாத்தான் மறுபடி எடுப்போம், இன்னொருத்தன் விதையில வந்தா அது அவன் பாசின்னு வழக்கு வரும்னு உங்க கம்பெனி சொல்லியிருக்காம்ல. அதைக் காட்டினா நீங்க கையெழுத்துப் போடுவீக. அப்புறம் அவ தலைவி. ஸ்டாம்பு நான் வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?

அப்படித்தான் மேடம் தோணுச்சு. ஒளிக்காமச் சொல்றேன், நேத்து வரைக்கும் அப்படித்தான் தோணுச்சு.

எங்க வீட்டுக்காரவுக சங்கு எடுக்க முங்கி முங்கி மூச்சுக் கெட்டுப் போயிக் கிடந்தவுக. அவுகளை முதலாளிதான் வள்ளம் ஓட்ட வச்சிருக்காரு. என்னை இந்தக் களத்துக்குக் கங்காணியாப் போட்டிருக்காரு. நேத்து எடை போட வந்தாரு. மூட்டையில கை வச்சுக்கிட்டே, 'ஓடைப் பக்கம் ஏதோ நடக்குதாமே பூமயிலு, உனக்குத் தெரியாம இந்த ஊருல எதுவும் நடக்காதே'ன்னாரு. உனக்குத் தெரியாமன்னாரு மேடம். ரெண்டு வருசமா இந்த ஊருல ஒருத்தி எனக்குன்னு ஒரு மரியாதை வைக்கல. நான் வந்தா பேச்சை நிறுத்திருவாளுக. அந்த மனுசன் அப்படிச் சொன்னதும் வாயில வந்துருச்சு. எத்தனை தெப்பம், எந்த மரத்துக்குப் பின்னாடி, எல்லாம் சொல்லிட்டேன். நீங்க இன்னைக்கு வாறதையும் சொன்னேன்.

நான் சொல்லாட்டியும் அவரு கண்டுபுடிச்சிருப்பாரு. இல்லையா?

அவரு கேக்குறதுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு நெனச்சேன். 'எல்லாப் பாசியும் ஒரே பச்சை. அதுல அவ பேரா எழுதியிருக்கு? என் விதையைத்தான் திருடி ஓடைக்குள்ள வச்சிருக்கா'ன்னாரு. பாத்துட்டு வந்துறேன்னாரு. வெறுமன பாத்துட்டு. அதுவரைக்கும் வர்ற மேடத்தைக் களத்துல உக்கார வச்சுக்கோ, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருன்னாரு. உனக்குத்தான் பேச வருமேன்னாரு.

பேசிக்கிட்டுத்தான இருக்கேன்.

சேதுராக்கு கடல்ல இல்ல மேடம். மெயின் ரோட்டு ஸ்டாப்புல நிக்கிறா. நீங்க பஸ்ஸுலதான் வருவீகன்னு விடியவே போயிட்டா. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கிப் பாத்துக்கிட்டு நிப்பா. நானும் பாத்தேன் அவ போறதை. தலைக்குப் பூ வச்சிருந்தா.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். அவ போன பிறகு களத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். இருளாயி வந்தா. என்னமோ இன்னைக்குச் சந்தோசத்துல அவளா வாயைத் தொறந்தா. 'மதினி, தெரியுமா, சேதுராக்கு பங்கு பிரிச்சிட்டா. முப்பத்தெட்டுல ரெண்டு விதைக்கு. மிச்சம் ஆளுக்கு மூணு தெப்பம்'னா. முப்பத்தாறு. ஆளுக்கு மூணு. கணக்குப் போட்டுப் பாருங்க மேடம், பன்னெண்டு பேரு வரும். நான் இல்லாட்டி பதினொண்ணுதான். என்னையும் சேத்துத்தான் பன்னெண்டு.

'எனக்குமா'ன்னேன். 'பின்ன, நீ இல்லாமயா? விதை கேட்டு நிக்கிறவளை வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னு அவதான் சொன்னா'ங்கிறா. நான் எங்க கேட்டேன்? நான் கேக்கவே இல்லையே. ஆரு அவளை எனக்குப் பங்கு வைக்கச் சொன்னா? அவ பாட்டுக்கு வச்சிருக்கா. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, என் முதத் தெப்பத்தை மீனு தின்னுட்டுப் போனப்ப, எனக்கு முதக் கயிறு குடுத்தவளும் அவதான். அப்ப அவ சின்னப் பொண்ணு, கொழுந்தனைக் கட்டக்கூட இல்ல. எனக்கு நெஞ்சு எரியுது தாயி. இந்த இருளாயி நேத்தே வந்து சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல? ஒரு நாளு முன்னாடி. ஒரே ஒரு நாளு.

சொன்னதும் ஓடையப் பாத்து ஓடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள வள்ளம் போயிருச்சு. முதலாளிக்குக் கடலு தெரியாது. எங்க வீட்டுக்காரவுகதான் ஓட்டிக்கிட்டுப் போயிருக்காக. வள்ளம் ஓட்டுறவுகள்ல அந்த ஓடைக்கு வழி தெரிஞ்சவுக அவுக ஒருத்தருதான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அறுக்கப் போனப்பவும் அவுகதான் ஓட்டினாக.

இஞ்சின் சத்தம் கேக்குதா? அந்தா, முனையைத் திரும்புது. வந்துட்டாரு. வெறுமன பாக்கத்தான் போயிருக்காரு மேடம், நான் சொல்லல? பாத்துட்டு வந்துட்டாரு.

வள்ளம் ஏன் இப்படித் தாழ்ந்து வருது. ஆளு ரெண்டு பேருதான இருக்காக. பின்னாடி ஒண்ணு, அதுக்கும் பின்னாடி ஒண்ணு, மூணு வள்ளம். கூலியாளுக வேற கூட்டிப் போயிருக்காரா.

பச்சை. பச்சைப் பாசிதான். மேட்டாக் குமிச்சிருக்காக. வெயிலேறுறதுக்குள்ள பரண்ல விரிக்கணும்பாரு. நான்தான் விரிக்கணும். மத்தியானத்துக்குள்ள சுருண்டு போயிரும். அப்புறம் அதுல ஒரு பிடிகூட முளைக்காது.

பாருங்க, குவியலுக்கு மேல எல்லாம் துணி நாரு தொங்குது. அறுத்து எடுக்கக்கூட இல்ல, முடிச்சோட உருவிப் போட்டிருக்காக. அவ பேரு எழுதலைன்னாரே முதலாளி. நீலக் கயிறு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் துணிதான். என்ன கலரு அது, வெயிலு கண்ணைக் கூசுது... கத்திரிப்பூ கலரு. மஞ்சக் கரை.

ஏன் தாயி என் சேலையைப் பாக்குறீக?

எங்க எந்திரிக்கிறீக? உக்காருங்க மேடம். முதலாளி வரட்டும். உக்காருங்கன்னு சொல்றேன்ல. ரோட்டுக்கு அந்தப் பனைமரத்தை ஒட்டித்தான் பாதை. உங்க வேன்தான் திரும்பிப் போயிருச்சே, வெரசா நடந்தா அரை மணி நேரம். அவ தலைக்குப் பூ வச்சிருப்பா, ஸ்டாப்புல ஒண்டியா நிப்பா, பாத்த உடனே தெரிஞ்சுக்குவீக. என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிருங்க, நீங்க எந்திரிச்சுட்டீக. நான் எங்க எந்திரிச்சுப் போக? வள்ளம் கரை தட்டிருச்சு, பாசி இறக்கக் கூப்பிடுறாக.